ஆப்பிரிக்க மரச்சிற்பங்களின் காலமும் மதிப்பும்

ஆப்பிரிக்க மரச்சிற்ப மதிப்பீடு என்பது சகாரா பாலைவனத்துக்குத் தெற்கிலுள்ள நாடுகளில் செதுக்கப்பட்ட முகமூடிகள், உருவச்சிலைகள், இருக்கைகள், கோல்கள், கதவுகள் போன்ற மரப்பொருட்களின் பிறப்பிடம், காலம், பயன்பாடு, சந்தை விலை ஆகியவற்றைக் கண்டறியும் முறையாகும். காலனிய அதிகாரிகள், மதபோதகர்கள், வணிகர்கள், பொறியாளர்கள், சுற்றுலாப் பயணிகள் எனப் பலர் வழியாக இப்பொருட்கள் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளைச் சென்றடைந்தன. இரண்டு மூன்று தலைமுறைகளுக்குப் பிறகு பாட்டனார் வீட்டுப் பரணிலிருந்து இவற்றைப் பெறும் வாரிசுகளுக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன: இது எவ்வளவு பழையது? இதன் விலை என்ன?

இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றல்ல. ஆப்பிரிக்க மரக்கலையில் வயது மட்டுமே மதிப்பைத் தருவதில்லை. ஒரு பொருள் யாருக்காகச் செய்யப்பட்டது, செய்த சமூகத்தில் உண்மையாகவே பயன்பட்டதா, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது, செதுக்கு வேலையின் தரம் எத்தகையது என்பனவே முதலில் பார்க்கப்படுகின்றன. வீடுகளில் இருப்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை விற்பனைக்கென்றே செய்யப்பட்டவை. மிகச் சிலவே அரியவை. அந்தச் சிலவற்றை அடையாளம் காண உதவும் தடயங்கள் பொருளின் அழுக்கிலும், தேய்மானத்திலும், உடன்வந்த பழைய கடிதங்களிலும் இருப்பதால், அறியாமல் துடைத்துத் தூய்மை செய்வதும் காகிதங்களைத் தூக்கி எறிவதும் பெரிய இழப்பாக முடியக்கூடும்.

வீடுகளுக்கு வந்த வழிகள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்காவைப் பங்கிட்டுக்கொண்டபோது, படையெடுப்பிலும் ஆட்சியிலும் பங்கேற்றவர்கள் ஏராளமான பொருட்களைக் கொண்டுசென்றனர். 1892இல் பிரெஞ்சுப் படை தகோமே அரசின் தலைநகரான அபோமேயிலிருந்தும், 1897இல் பிரித்தானியப் படை பெனின் நகரிலிருந்தும் அரண்மனைச் செல்வங்களைக் கைப்பற்றின. சிறிய அளவில் மாவட்ட அதிகாரிகளும் மதபோதகர்களும் அன்பளிப்பாகவும், விலைக்கும், பறிமுதலாகவும் பொருட்களைப் பெற்றனர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் ஓவியர்களின் பார்வை இப்பொருட்கள் மீது விழுந்தது. பிக்காசோ 1907இல் பாரிஸின் திரொக்கதேரோ அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்டது நவீன ஓவிய வரலாற்றில் அடிக்கடி குறிப்பிடப்படும் நிகழ்வு. அதன்பின் இவை இனவியல் பொருட்கள் என்ற நிலையிலிருந்து கலைப்படைப்புகள் என்ற நிலைக்கு உயர்ந்தன, வணிகமும் வளர்ந்தது.

வெளிநாட்டாருக்காகச் செதுக்கும் வழக்கமும் புதிதன்று. மத்திய ஆப்பிரிக்காவின் லோவாங்கோ கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்காக யானைத்தந்தங்கள் செதுக்கப்பட்டன. கென்யாவின் கம்பா மக்களைச் சேர்ந்த முத்திசியா முங்கே, முதல் உலகப்போர்க் காலத்தில் தங்கனீக்காவில் கண்ட செதுக்குக் கலையைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து பெரும் கைவினைத் தொழில் ஒன்று உருவானது. மொசாம்பிக், தான்சானியாவின் மக்கொண்டே சிற்பிகள் 1950களிலிருந்து பின்னிப் பிணைந்த மனித உருவங்களைக் கொண்ட புதிய பாணியை வளர்த்தனர். எனவே "தாத்தா 1930இல் வாங்கியது" என்ற செய்தி பொருளின் வயதுக்குச் சான்றாகலாம். அது சடங்கில் பயன்பட்டது என்பதற்குச் சான்றாகாது.

பிறப்பிடத்தை அறிதல்

வல்லுநர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு பழையது" என்பதை அன்று, "எந்த மக்களுடையது" என்பதையே. ஆப்பிரிக்கா ஒரே நாடோ ஒரே பாணியோ அன்று. ஒவ்வொரு மக்களிடமும் உருவ இலக்கணமும் பயன்பாடும் வேறுபடுகின்றன. பரவலாகக் காணப்படும் சில வகைகள்:

• மாலி – பமானா மக்களின் சி வாரா. மான் வடிவத் தலையணி. உழவுச் சடங்கு ஆட்டங்களில் கூடைத் தொப்பியில் பொருத்தி அணியப்படுவது.
• ஐவரி கோஸ்ட் – சேனுஃபோ மக்களின் முகமூடிகளும் இருவாச்சிப் பறவை உருவங்களும். பௌலே மக்களின் நுணுக்கமான சிகையலங்காரமும் தழும்புக் கோலமும் கொண்ட சிலைகள்.
• லைபீரியா, ஐவரி கோஸ்ட் – டான் மக்களின் வழுவழுப்பான நீள்வட்ட முகமூடிகள்.
• சியரா லியோன் – மெண்டே மக்களின் சோவெய் எனும் கருநிறக் கவச முகமூடி. பெண்கள் அணியும் மிகச்சில ஆப்பிரிக்க முகமூடிகளுள் இது ஒன்று.
• கானா – அசாந்தி மக்களின் அகுவாபா. வட்டத்தட்டு போன்ற தலையுள்ள பொம்மை. குழந்தைப்பேறு வேண்டும் பெண்கள் முதுகில் சுமப்பது.
• நைஜீரியா – யோருபா மக்களின் இபெஜி. இரட்டைக் குழந்தைகளுள் ஒன்று இறந்தால் அதன் நினைவாகச் செய்யப்படும் சிறு சிலை.
• காபோன் – ஃபாங் மக்களின் மூதாதையர் காவல் சிலைகள். கோத்தா மக்களின் செம்பு, பித்தளைத் தகடு போர்த்திய உருவங்கள். புனு மக்களின் வெண்முக முகமூடிகள்.
• காங்கோ ஆற்றுப்படுகை – கொங்கோ மக்களின் ஆணி அறைந்த சிலைகள். லூபா மக்களின் பெண்ணுருவம் தாங்கும் இருக்கைகள். சொங்யே மக்களின் கீறல்கோட்டு முகமூடிகள். கூபா மக்களின் வடிவியல் கோலமிட்ட கோப்பைகள்.
• அங்கோலா – சொக்வே மக்களின் புவோ முகமூடிகளும் தலைவர் நாற்காலிகளும்.

ஒரு பொருள் இவ்வாறான மரபு ஒன்றில் சரியாகப் பொருந்துகிறதா என்பது முதல் சோதனை. பல மக்களின் கூறுகளை ஒரே முகத்தில் கலந்து, கண்ணைக் கவரும்படி செய்யப்பட்டவை பெரும்பாலும் சந்தைக்கானவை. அளவும் ஒரு குறிப்பைத் தரும். முகத்தில் அணியவேண்டிய முகமூடி மனித முகத்துக்குப் பொருந்தாமலோ, கண்துளையும் கட்டுவதற்கான ஓரத்துளைகளும் இல்லாமலோ இருந்தால், அது சுவரில் மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டிருக்கலாம். ஆயினும் நெற்றிக்கு மேலோ தலையுச்சியிலோ அணியப்படும் வகைகளில் கண்துளை தேவையில்லை. ஆகவே வகையை அறியாமல் இச்சோதனையைச் செய்வது தவறான முடிவைத் தரும்.

காலத்தைக் காட்டும் தடயங்கள்

வெப்பமண்டலத்தின் ஈரமும் கரையானும் மரத்தை நெடுங்காலம் விட்டுவைப்பதில்லை. எனவே இன்று எஞ்சியிருக்கும் ஆப்பிரிக்க மரச்சிற்பங்களில் பெரும்பாலானவை 19, 20ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மாலியின் பண்டியகரா மலைச்சரிவின் வறண்ட குகைகளில் கிடைத்த தெல்லெம் பொருட்கள் சில 11ஆம் நூற்றாண்டு வரை பின்செல்கின்றன. அங்கோலாவில் 1928இல் கண்டெடுக்கப்பட்ட விலங்குத்தலைச் சிற்பம் ஒன்று ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டினது எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஜெர்மனியின் உல்ம் நகரிலுள்ள இஃபா குறிசொல்லும் பலகை, 1659ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே இடம்பெற்றது. இவை விதிவிலக்குகள். வீட்டிலுள்ள முகமூடிக்கு "500 ஆண்டுப் பழமை" என யாரேனும் சொன்னால் ஐயப்படவே வேண்டும். இத்துறையில் 100 ஆண்டுகள் கடந்த பொருளே மிகப் பழையதாகக் கருதப்படுகிறது.

கருவித்தடங்கள்

மரபுவழிச் சிற்பிகள் பச்சை மரத்துண்டு ஒன்றிலிருந்து முழு உருவத்தையும் எடுப்பர். பருவேலைக்கு வாய்ச்சியும் நுண்வேலைக்குக் கத்தியும் பயன்படும். வாய்ச்சி விட்டுச்சென்ற சிறுசிறு செதில் முகங்கள் முகமூடியின் உட்புறத்தில் தெளிவாகத் தெரியும். இயந்திர ரம்பத்தின் நேர்கோட்டு வரிகள், துளைப்பான் இட்ட கச்சிதமான வட்டத்துளை, உப்புத்தாள் தேய்த்த சீரான வழவழப்பு ஆகியவை பிற்காலத் தயாரிப்பைக் காட்டுகின்றன. உடல் ஒரு துண்டும் கை மற்றொரு துண்டுமாக ஒட்டப்பட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை.

தேய்மானம்

பயன்பட்ட பொருள் எங்கெங்கு தொடப்பட்டதோ அங்கங்கே தேய்ந்திருக்கும். முகமூடியின் உட்புறத்தில் நெற்றி, மூக்கு, கன்னம் படும் இடங்கள் வியர்வையால் கறுத்து மெருகேறியிருக்கும். தொடாத பள்ளங்கள் வெளிறியிருக்கும். ஓரத்துளைகளில் கயிறு இழுபட்ட திசையில் பள்ளம் விழுந்திருக்கும். இருக்கையின் மேற்பரப்பு நடுவில் வழவழக்கும். சி வாராவின் அடித்தளத்தில் கூடைத் தொப்பியைத் தைத்த துளைகள் தேய்ந்திருக்கும். கோத்தா, ஃபாங் உருவங்கள் மூதாதையர் எலும்புகளை வைத்த கூடையிலோ பெட்டியிலோ செருகப்பட்டவை. அதனால் செருகிய பகுதிக்கும் வெளியே தெரிந்த பகுதிக்கும் நிறவேறுபாடு காணப்படலாம்.

இபெஜி சிலைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரட்டைப் பிறப்பு மிகுந்த யோருபா மக்களிடையே, இறந்த குழந்தையின் சிலையைத் தாய் உயிருள்ள பிள்ளையைப் போலவே குளிப்பாட்டி, உணவூட்டி, ஆடை அணிவித்தாள். பல ஆண்டுகள் இவ்வாறு பேணப்பட்ட சிலைகளில் கண்ணும் மூக்கும் ஏறக்குறைய மறையும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். உடலின் மடிப்புகளில் செம்மரப்பொடி ஒட்டியிருக்கும். கொண்டையில் அவுரி நீலமோ, பிற்காலத்தில் துணிக்குப் போடும் சலவை நீலமோ படிந்திருக்கும். சலவை நீலம் கடைச்சரக்குதான். ஆனாலும் அது சிலை போலி என்பதைக் காட்டுவதில்லை, பேணப்பட்டது என்பதையே காட்டுகிறது. முகம் தேய்ந்தது குறை எனக் கருதி விற்பவர், சேகரிப்பாளர்கள் தேடும் பண்பையே குறையாக எண்ணிவிடுகிறார்.

மேற்படிவு

கைபட்டும், புகைபட்டும், எண்ணெய் பூசியும், பலியிட்ட பொருள் ஊற்றியும் மரத்தின்மேல் உருவாகும் படலத்தைக் கலைத்துறையினர் பட்டினா என்பர். உண்மையான படிவு பல அடுக்குகளாக, இடத்துக்கு இடம் தடிப்பு மாறி இருக்கும். ஃபாங் சிலைகளில் பூசப்பட்ட பனையெண்ணெய் மரத்தில் ஊறி, அருங்காட்சியகத்துக்கு வந்து பல பத்தாண்டுகளான பின்னும் கசிவதுண்டு. சந்தைப் பொருட்களில் கருஞ்சாயமோ காலணிப் பாலிஷோ எங்கும் ஒரே சீராகப் பூசப்பட்டிருக்கும். சிறு கீறல் விழுந்தால் உள்ளே வெண்மையான புது மரம் தெரியும்.

வெடிப்பும் பூச்சி அரிப்பும்

பழைய வெடிப்பின் உட்பகுதியிலும் படிவு இறங்கியிருக்கும். புதிய வெடிப்பின் உட்புறம் வெளிறி, ஓரம் கூர்மையாக இருக்கும். மண்ணில் நின்ற சிலையைக் கரையான் அடியிலிருந்து அரிக்கும். கால் அப்படியே இருக்க, முகத்தில் மட்டும் அழகாக அரிக்கப்பட்டிருந்தால் அது ஐயத்துக்குரியது. உளுத்த துளைகளிலிருந்து புதுத் தூள் உதிர்ந்தால் வண்டுகள் இன்னும் உயிருடன் உள்ளன என்று பொருள். அது வயதைக் காட்டாது.

மரத்தின் எடையும் ஏமாற்றக்கூடும். ஆடுவதற்கான முகமூடிகள் பொதுவாக இலேசான மரத்தில் செய்யப்பட்டவை. கனமான கருமரத்தில் செய்தவை பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் பிற்காலச் சிற்பங்கள். "கருங்காலி" என விற்கப்படும் இம்மரம் பல வேளைகளில் ஆப்பிரிக்கக் கருமரமாகும். தாவரவியல்படி அது கருங்காலியின் இனமன்று. நம் தோதகத்தி என்னும் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது.

செயற்கை முதுமை

தேவை பெருகியதும் பழமையையே செய்து விற்கும் தொழிலும் பெருகியது. புதிய சிற்பங்களை மண்ணில் புதைப்பது, கரையான் புற்றருகே வைப்பது, அடுப்புப் புகையில் தொங்கவிடுவது, பட்டைச்சாற்றிலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் ஊறவைப்பது ஆகியவை அறியப்பட்ட முறைகள். இவ்வாறு செய்யப்பட்ட பொருளில் தேய்மானத்துக்கும் பயன்பாட்டுக்கும் தொடர்பிருக்காது. யாரும் தொட வாய்ப்பில்லாத இடம் தேய்ந்திருக்கும். தொட்டாகவேண்டிய இடம் கூர்மையாக இருக்கும். முகமூடியின் உட்புறம் முழுவதும் ஒரே கறுப்பாக இருக்கும்.

பிரதி செய்வது தன்னளவில் ஏமாற்று வேலையன்று. கேமரூனின் ஃபும்பான் நகரம் போன்ற இடங்களில் திறமைமிக்க கைவினைஞர்கள் மரபு வடிவங்களை வெளிப்படையாகவே பிரதி செய்து வாழ்கின்றனர். பொருளுடன் பொய்க்கதை ஒன்று சேர்க்கப்படும்போதுதான் மோசடி தொடங்குகிறது. அக்கதை பெரும்பாலும் இடைத்தரகர்களிடம் பிறக்கிறது.

ஆய்வகச் சோதனைகள்

கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு பலரும் முதலில் நாடும் சோதனை. கரிமம்-14 அணுக்களில் பாதி 5,730 ஆண்டுகளில் சிதைகின்றன. இச்சோதனைக்கு இங்கு இரண்டு வரம்புகள் உள்ளன. முதலாவது, ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையான காலத்தில் வளிமண்டலக் கரிமம்-14 அளவு ஏறி இறங்கியதால், ஒரே அளவீட்டுக்குப் பல காலப்பகுதிகள் விடையாகக் கிடைக்கின்றன. வீடுகளிலுள்ள சிற்பங்களில் மிகுதியானவை இதே காலப்பகுதிக்குள்தான் அடங்கும். இரண்டாவது, சோதனை சொல்வது அந்த மரத்திசு வளர்ந்த காலத்தையே, செதுக்கிய காலத்தை அன்று. பழைய வீட்டு உத்தரத்தில் நேற்றுச் செதுக்கிய முகமும் பழையதென்றே தேறும்.

ஆனால் புதியதைக் கண்டுபிடிப்பதில் இச்சோதனை வலிமையானது. 1950களின் நடுப்பகுதியிலிருந்து நடந்த அணுகுண்டு வெடிப்புகளால் வளிமண்டலத்தில் கரிமம்-14 வெகுவாகக் கூடியது. அதற்குப்பின் வளர்ந்த மரம் அந்தத் தடத்தைச் சுமக்கும். 19ஆம் நூற்றாண்டினது எனச் சொல்லப்படும் சிலையில் இத்தடம் இருந்தால் வாதம் அங்கேயே முடிகிறது.

ஆண்டு வளையங்களை எண்ணும் முறை வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலும் பயன்படுவதில்லை. தெளிவான ஆண்டு வளையங்கள் பலவற்றில் உருவாவதில்லை. நுண்ணோக்கியால் மர வகையை அறியலாம். புறஊதா ஒளியில் நவீன வார்னிஷும் பசையும் ஒளிர்ந்து தெரியும். ஊடுகதிர்ப் படம் உள்ளே மறைந்துள்ள ஆணி, ஒட்டு, அடைக்கப்பட்ட குழி ஆகியவற்றைக் காட்டும். சோதனைச் செலவு பல வேளைகளில் பொருளின் விலையைவிட மிகுந்துவிடும் என்பதால், தேர்ந்த கண்களால் பார்க்கச் செய்த பின்னரே ஆய்வகத்தை நாடுவது வழக்கம்.

மதிப்பைத் தீர்மானிப்பவை

பயன்பாடு: தம் மக்களுக்காக, தம் மரபில் பயின்ற சிற்பி செய்து, சடங்கிலோ வாழ்விலோ பயன்பட்ட பொருளையே சந்தை "அசல்" என்கிறது. இந்த அளவுகோலின்படி 60 ஆண்டுப் பழமையுள்ள, ஆடப்பட்ட முகமூடி, 100 ஆண்டுப் பழமையுள்ள விற்பனைப் பொருளைவிட மேலானது.

உடைமை வரலாறு: பொருள் ஆப்பிரிக்காவை விட்டு எப்போது, யாரால் வந்தது, எந்தக் கண்காட்சியில் இடம்பெற்றது, எந்த நூலில் படமானது என்ற தொடர் மதிப்பைப் பன்மடங்காக்கும். கேமரூனின் பங்வா மக்களிடமிருந்து ஜெர்மானிய முகவர் ஒருவரால் 1899 வாக்கில் பெறப்பட்ட, "பங்வா அரசி" எனப்படும் சிலை இதற்குச் சான்று. 1930களில் மேன் ரே அதைப் புகைப்படமெடுத்தார். அழகுசாதனத் தொழிலதிபர் ஹெலனா ரூபின்ஸ்டீனின் தொகுப்பிலிருந்து 1966இல் 29,000 டாலருக்கு விற்கப்பட்ட அது, 1990இல் 34 லட்சம் டாலருக்கு ஏலம்போனது.

கலைத்தரம்: மரபுக்குள் நின்று அதை விஞ்சும் கைவண்ணம் எளிதில் கிடைப்பதில்லை. 2014 நவம்பரில் நியூயார்க்கில் சேனுஃபோ பெண்சிலை ஒன்று 1.2 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. அதே வகையைப் பார்த்துச் செய்த பிரதிகள் சில நூறு டாலருக்குக் கிடைக்கும்.

சிற்பியின் அடையாளம்: பல பொருட்களில் "சிற்பி பெயர் தெரியவில்லை" என எழுதப்படுகிறது. சிற்பிகள் தம் ஊர்களில் பெயரோடும் புகழோடும் வாழ்ந்தனர். கொண்டுசென்றவர்கள் பெயரைக் கேட்கவில்லை என்பதே உண்மை. பெல்ஜிய அறிஞர் பிரான்ஸ் ஓல்பிரெக்ட்ஸ், லூபா சிற்பங்களில் ஒரே கையின் சாயலைக் கண்டு 1930களில் "புலி ஊர் ஆசான்" என ஒரு சிற்பியை இனங்கண்டார். நைஜீரியாவின் ஒலோவே (இசே ஊரினர், இறப்பு 1938) செதுக்கிய இக்கெரே அரண்மனைக் கதவு 1924இல் வெம்பிளி கண்காட்சிக்கு வந்தபோது பிரித்தானிய அருங்காட்சியகம் அதை வாங்க விரும்பியது. அரசர் விலைக்குத் தர மறுத்து, இங்கிலாந்தில் செய்த அரியணை ஒன்றுக்கு மாற்றாக அளித்தார். லமிடி ஃபாக்கெயே, மக்கொண்டே மரபிலிருந்து வந்த ஜார்ஜ் லிலாங்கா போன்ற பிற்காலக் கலைஞர்களின் படைப்புகளுக்குப் பழமை இல்லாமலே மதிப்பு உண்டு. எனவே அடியில் பெயர் பொறித்திருப்பதைக் கண்டு, அது சுற்றுலாப் பொருள் எனத் தள்ளிவிடக் கூடாது.

நிலைமை: பழைய உடைவும், சடங்கின்போது உள்ளூரில் செய்த பழுதுபார்ப்பும் பெரிய குறைகளல்ல, தகடு கட்டி ஒட்டுப்போட்ட முகமூடி, அதன் உரிமையாளர்கள் அதை எவ்வளவு பேணினர் என்பதைக் காட்டும். பின்னாளில் அடித்த வார்னிஷும், சுரண்டிச் சுத்தம் செய்ததும் மதிப்பைக் கெடுக்கின்றன.

விலை மதிப்பீடும் நோக்கத்துக்கேற்ப மாறும். காப்பீட்டுக்கான மதிப்பு, அதே தரமுள்ள வேறொன்றைக் கடையில் வாங்க ஆகும் தொகை. வாரிசுப் பாகப்பிரிவினைக்கான மதிப்பு, திறந்த சந்தையில் கிடைக்கக்கூடிய தொகை. இரண்டுக்கும் இடையே பெரும் இடைவெளி இருக்கலாம்.

காபோன் முகமூடி வழக்கு

மதிப்பை அறியாமல் விற்பதன் விளைவை உலகுக்குக் காட்டிய நிகழ்வு பிரான்சில் நடந்தது. 2021இல் முதிய தம்பதியர் தம் விடுமுறை இல்லத்தைக் காலிசெய்தபோது கிடைத்த மர முகமூடியைப் பழம்பொருள் வணிகர் ஒருவருக்கு 150 யூரோவுக்கு விற்றனர். கணவரின் பாட்டனார் காலனியக் காலத்தில் ஆப்பிரிக்காவில் ஆளுநராக இருந்தவர். 1917 வாக்கில் காபோனில் அம்முகமூடி அவர் கைக்கு வந்தது. அது ஃபாங் மக்களின் ங்கில் முகமூடி. சூனியக்காரர்களைத் தேடிக் கண்டுபிடித்து நீதி வழங்கிய இரகசியச் சங்கத்தினர் அணிந்தது. வெண்களிமண் பூசிய நீண்ட முகமுடையது. அச்சங்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலனிய அரசால் தடைசெய்யப்பட்டது. அதனால் உலகில் ஏறத்தாழ பத்து முகமூடிகளே அறியப்பட்டுள்ளன. இவ்வகையில் ஒன்று 2006இல் பாரிஸில் 59 லட்சம் யூரோவுக்கு ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தது.

2022 மார்ச்சில் மொன்பெலியே நகர ஏலத்தில் அம்முகமூடி 42 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. செய்தித்தாள் வழியாக இதை அறிந்த தம்பதியர் வழக்குத் தொடர்ந்தனர். காபோன் அரசும் முகமூடி தன் நாட்டுக்குரியது எனத் தலையிட்டது. 2023 டிசம்பரில் அலேஸ் நீதிமன்றம் இரு கோரிக்கைகளையும் தள்ளுபடி செய்தது. பொருளின் வரலாற்று, கலை மதிப்பை அறிய விற்றவர்கள் போதிய முயற்சி எடுக்கவில்லை என்பது தம்பதியருக்கு எதிரான காரணமாக அமைந்தது.

முகமூடியின் தேய்மானத்தைப் போலவே, "காபோன், ஆளுநர், 1917" என்ற குடும்பச் செய்தியும் அதன் மதிப்பில் பங்கு வகித்தது. அச்செய்தி விற்றவர்களிடமே இருந்தது. ஏலக்கூடத்தில் எதிர்ப்புத் தெரிவித்த காபோனியர் எழுப்பிய கேள்வியோ வேறு: அது முதலில் ஆளுநரின் கைக்கு எவ்வாறு வந்தது?

உரிமையும் சட்டமும்

உடைமை வரலாறு விலையை உயர்த்துவது போலவே, உரிமையைக் கேள்விக்குள்ளாக்கவும் செய்யும். கேமரூனின் கோம் அரசுக்குரிய அஃபோ-அ-கோம் எனும் மணிகள் போர்த்திய மரச்சிலை 1966இல் திருடப்பட்டு, நியூயார்க்கில் விற்பனைக்கு வந்தபோது கண்டறியப்பட்டு, 1973இல் திருப்பி அளிக்கப்பட்டது. கென்யக் கடலோரத்து மிஜிகெண்டா மக்கள் இறந்த பெரியோரின் நினைவாக நடும் விகாங்கோ கம்பங்கள், வெயிலிலும் மழையிலும் தாமாகவே மக்கிப்போக விடப்படுபவை. அவற்றை அகற்றுவது அம்மக்களுக்குப் பெருந்தீங்கு. ஆயினும் அவை பெருமளவில் திருடப்பட்டு அமெரிக்காவை அடைந்தன. டென்வர் இயற்கை, அறிவியல் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 30 விகாங்கோக்களின் உரிமையை 2014இல் விட்டுக்கொடுத்தது. அவை 2019இல் கென்யாவை வந்தடைந்தன. அபோமேயில் கைப்பற்றப்பட்ட பொருட்களில் 26ஐப் பிரான்சு 2021 நவம்பரில் பெனின் குடியரசிடம் ஒப்படைத்தது. அரசர்களின் மரச்சிலைகளும் அவற்றில் அடங்கும்.

பண்பாட்டுப் பொருட்களின் சட்டவிரோதக் கைமாற்றத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் உருவானது. அதனால் 1970க்கு முன்பே பொருள் நாட்டைவிட்டு வெளியேறியதற்கான சான்றை ஏல நிறுவனங்களும் அருங்காட்சியகங்களும் கேட்கின்றன. நைஜீரியா, மாலி உள்ளிட்ட நாடுகளில் தொல்பொருட்களை வெளியே கொண்டுசெல்ல அரசு அனுமதி தேவை.

மூலப்பொருளுக்கும் சட்டம் உண்டு. அழிவாபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, ஆப்பிரிக்கக் கருமரம் அடங்கிய ஈட்டி மரப் பேரினத்தை 2017இல் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2019இல் குறைந்த எடையுள்ள முடிவுற்ற பொருட்களுக்கு விலக்களிக்கப்பட்டது. சிலையில் யானைத்தந்தம், சிறுத்தைப்பல், தோல் போன்றவை பதிக்கப்பட்டிருந்தால் எல்லை கடத்துவதும் விற்பதும் கடினம்.

மரபுரிமையாகப் பெற்றவர் செய்யத்தக்கவை

• பொருளை இருந்த நிலையிலேயே வைத்திருத்தல். கழுவுதல், எண்ணெய் தடவுதல், மெருகிடுதல், ஒட்டுதல் கூடாது. ஒட்டியிருக்கும் நார், துணி, மணி, இறகு எதையும் அகற்றக் கூடாது.
• முன், பின், பக்கம், அடிப்பகுதி, உட்புறம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்தல். உயரத்தையும் எடையையும் குறித்தல்.
• அடியிலுள்ள காகிதச் சீட்டு, எண், மையெழுத்து ஆகியவற்றைப் பாதுகாத்தல். பழைய தொகுப்பு எண்ணே ஒரு பொருளின் முழு வரலாற்றையும் திறந்துவிடக்கூடும்.
• கொண்டுவந்தவர் எந்த நாட்டில், எந்த ஆண்டுகளில், என்ன பணியில் இருந்தார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைத்தல். கடிதம், கடவுச்சீட்டு, பழைய புகைப்படம், கப்பல் சீட்டு ஆகியவற்றைப் பொருளோடு சேர்த்து வைத்தல். வீட்டுச் சுவரில் அது மாட்டியிருப்பது தெரியும் பழைய குடும்பப் படமும் காலச்சான்றாகும்.
• அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் ஒத்த பொருட்களைத் தேடி ஒப்பிடுதல். வடிவ ஒற்றுமை மட்டும் அசல் என்பதற்குச் சான்றன்று.
• ஆப்பிரிக்கக் கலைக்கெனத் தனிப்பிரிவு உள்ள ஏல நிறுவனத்திடமோ, பொருளைத் தாம் வாங்காத மதிப்பீட்டாளரிடமோ கருத்துக் கேட்டல். மதிப்பிடுபவரே வாங்குபவராகவும் இருந்தால் மற்றொருவரிடம் காட்டுவது நன்று.
• பூச்சித்தூள் உதிர்ந்தால் பொருளை நெகிழிப் பையில் இட்டு மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்தல். அருங்காட்சியகங்கள் இத்தகைய பொருட்களை உறைகுளிரில் வைத்தோ, ஆக்சிஜன் இல்லாத பைகளில் வைத்தோ பூச்சிகளை அழிக்கின்றன. வண்ணப்பூச்சும் தடித்த படிவும் உள்ளவற்றைப் பாதுகாப்பு வல்லுநரிடமே விட வேண்டும்.
• பழைய தொகுப்புகளில் ஆர்சனிக், டிடிடி போன்ற நஞ்சுகள் பூச்சிக்கொல்லியாகத் தெளிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் கையுறை அணிந்து கையாளுதல்.
• நேர்வெயில், அடுப்பின் வெப்பம், சுவர் ஈரம் ஆகியவற்றிலிருந்து விலக்கி வைத்தல்.

பெரும்பாலான வாரிசுகளுக்குக் கிடைக்கும் விடை, தம்மிடமுள்ளது விற்பனைக்கெனச் செய்யப்பட்ட நல்ல கைவேலை என்பதாகவே இருக்கும். அத்தகைய பொருளுக்கும் அதைச் செதுக்கியவரின் உழைப்பும், அதைச் சுமந்துவந்தவரின் பயணமும் சேர்ந்த ஒரு வரலாறு உண்டு. அதை எழுதிவைத்தால் அடுத்த தலைமுறை இதே கேள்விகளை முதலிலிருந்து கேட்க வேண்டியிராது.